மாடு நோயில் விழப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

மாடு தீவனத்தைத் தொடாமல் நின்ற பிறகுதான் நாம் டாக்டருக்குப் போன் போடுகிறோம். ஆனால் பல நோய்களில் அதற்கு முன்பே அசை போடுவது குறைந்திருக்கும். ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்கள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். தீவனம், கொட்டகை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். கையில் தீவனக் கூடையோ பால் வாளியோ இருக்கக் கூடாது, அதைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு எழுந்துவிடும். அசை போட, விழுங்கிய தீவனம் உருண்டையாகக் கழுத்தின் இடது பக்கமாக மேலேறி வருவது கண்ணுக்கே தெரியும். அது வாய்க்கு வந்ததிலிருந்து விழுங்கும் வரை எத்தனை மெல்லு என்று எண்ணுங்கள். 50, 60 இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிற ஜீவன் காலை முழுக்கச் சும்மா படுத்திருந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்தது இடது வயிற்றுக் குழி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே முஷ்டியை அழுத்தி வையுங்கள். இரைப்பை அசையும்போது உங்கள் கையை வெளியே தள்ளும், நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. இங்கேதான் குழப்பம் வரும். மூச்சு விடும்போதும் விலா ஏறி இறங்குவதால் அதையே இரைப்பை அசைவென்று எண்ணிவிடுவோம், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை, சின்னச் சின்னதாக வரும். இரைப்பை அசைவு மெதுவாக எழும், கையைச் சில விநாடி தூக்கிப் பிடித்த மாதிரி நிறுத்தி, அப்புறம் இறக்கும். ஒரு நிமிடத்தில் கையை எடுத்துவிடாதீர்கள், முழுதாக மூன்று நிமிடம் வையுங்கள். குழி உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அது வயிற்று உப்புசம், உடனே டாக்டர்.

அப்புறம் நடக்க விட்டுப் பாருங்கள். முதுகை வளைத்து, முன்னங்கால் முழங்கையை வெளிப்பக்கம் விரித்து, முனகிக்கொண்டே நடந்தால் கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம். பல்லை நறநறவென்று கடிப்பது வலியின் அறிகுறி. கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, தள்ளாடி, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் பால் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டர் ரத்தநாளத்தில் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர். கண்ணாடித் தெர்மாமீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன், மாடு உதறினால் உடையும். டிஜிட்டல்தான் சரி. அதன் பின்பக்கம் நூலும் கிளிப்பும் கட்டி, முனையை ஆசனவாய்க்குள் வைத்து, கிளிப்பை வாலில் மாட்டிக்கொள்ளுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மதிய வெயிலில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், எனவே காலையிலேயே பாருங்கள். அளவை எழுதிவைக்கச் செயலியைவிடக் கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே மேல், பால் கறக்கிற யாரும் எழுதலாம்.

தமிழ்நாட்டில் 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். “மாடு டல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போதிலிருந்து அசை போடவில்லை, சாணம் எப்படி, காய்ச்சல் எவ்வளவு, கன்று போட்டு எத்தனை நாள் என்று சொன்னால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

பின்சேர்க்கை: கத்திக்கொண்டே இருக்கிறது, தின்னவில்லை, அசையும் குறைவு, என்ன நோய் என்று ஒருவர் கேட்டிருந்தார். பருவத்துக்கு வந்த மாடும் இப்படித்தான் செய்யும். வாலுக்குக் கீழே கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா, மற்ற மாட்டின் மேல் தாவுகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் அடங்கிவிடும்.

இன்னொன்று: பிறந்து சில நாளான கன்று அசை போடவில்லை என்று பயப்பட வேண்டாம், புல் கொறிக்கப் பழகிய பிறகுதான் அது தொடங்கும். அதுவரை கன்று ஆவலாகப் பால் குடிக்கிறதா, எழுந்ததும் உடம்பை நீட்டி முறிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.