மூணு சமன்பாடு இருக்குன்னு நினைப்போம், எண்ணிப் பாத்தா ரெண்டுதான் இருக்கும்

டீக்கடைல ரெண்டு பில். முதல் டேபிள்ல 2 வடை, 5 டீ, 1 பன், மொத்தம் 100 ரூபா. பக்கத்து டேபிள்ல 3 வடை, 9 டீ, 1 பன், 158 ரூபா. அப்போ ஒரு வடை, ஒரு டீ, ஒரு பன் மட்டும் வாங்கினா எவ்ளோ? இந்தக் கணக்கைக் குடுத்தா பாதிப் பேரு "சார், தெரியாத விலை, அதாவது மாறி மூணு, சமன்பாடு ரெண்டுதான், கணக்கே தப்பு"ன்னு பேனாவ மூடி வச்சிடுவாங்க. அங்கயே தப்பு ஆரம்பிக்குது. தனித்தனி விலைய யாரு கேட்டா? முதல் பில்லை ரெண்டால பெருக்கி, அதுல இருந்து ரெண்டாவது பில்லைக் கழிங்க. வடை 4 − 3, டீ 10 − 9, பன் 2 − 1, ரூபா 200 − 158. 42 ரூபா, வேலை முடிஞ்சுது. இப்படி சமன்பாடுகளை ஏதோ ஒரு எண்ணால பெருக்கிக் கூட்டுறது கழிக்கிறதுக்குத்தான் லீனியர் காம்பினேஷன்னு பேரு. அப்படி வர்ற புது சமன்பாடு ஏற்கனவே அந்த ரெண்டு பில்லுக்குள்ள ஒளிஞ்சிருந்ததுதான், நாம எதையும் புதுசா கொண்டு வரல.

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் ஒண்ணு இருக்கு. 42 வந்த குஷில டீ விலையையும் பிடிச்சிடலாம்னு ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்குவாங்க, வராது. வடை 10, டீ 12, பன் 20னு வச்சாலும் ரெண்டு பில்லும் சரியா வரும், வடை 14, டீ 11, பன் 17னு வச்சாலும் வரும், போட்டுப் பாருங்க. ஒரு வடையும் ஒரு டீயும் முதல் விலைப்படி 22, ரெண்டாவதுபடி 25, அதனால அதையும் சொல்ல முடியாது. ஆனா ஒரு வடையும் நாலு டீயும் எப்படிப் பாத்தாலும் 58தான், ஏன்னா அது ரெண்டாவது பில்லுல முதல் பில்லைக் கழிச்சா நேரா வருது. கணக்குல கேட்ட கூட்டணி பில்லுங்களைப் பெருக்கிக் கூட்டிக் கழிச்சா வருமான்னு முதல்ல பாருங்க, வந்தா விடை இருக்கு, வரலன்னா எவ்ளோ பக்கம் எழுதினாலும் இல்ல.

சரி, மூணாவது பில் ஒண்ணு கிடைச்சுதுன்னு வைங்க, 5 வடை, 14 டீ, 2 பன், 258 ரூபா. ஆஹா மூணுக்கு மூணு ஆச்சுன்னு குதிக்காதீங்க, அது முதல் ரெண்டு பில்லோட கூட்டல்தான். நீக்கல் முறைல, அதாவது சமன்பாடுகளைக் கழிச்சுக் கழிச்சு ஒவ்வொரு மாறியா ஒழிச்சுக்கிட்டே போனா, கடைசில 0 = 0னு நிக்கும். அதைப் பாத்து "தீர்வு இல்லை"ன்னு எழுதுறவங்கதான் அதிகம்! 0 = 0ன்னா ஒரு சமன்பாடு சும்மா வந்து உக்காந்திருக்குன்னு அர்த்தம், இங்க தீர்வு எண்ணிலடங்காதது. அதே பில்லு 260 ரூபான்னு இருந்தா 0 = 2னு வரும், அப்பதான் தீர்வு இல்லை, எவனோ பில்லைத் தப்பா கூட்டிட்டான்.

ஆனா 0 = 0 வந்தாலே கணக்கு மேல பழி போடவும் கூடாது, பல நேரம் அதை வரவழைச்சதே நாமதான். சுமார் 2000 வருஷம் பழைய சீனக் கணக்கு நூல் ஒண்ணுல 8வது அத்தியாயம் முழுக்க இந்த மாதிரி கணக்குதான், இன்னிக்கு காஸ்ங்கிற கணித மேதை பேர்ல படிக்கிற நீக்கல் முறை அப்பவே அதுல இருக்கு. அதோட முதல் கணக்கு தானியக் கட்டு பத்தினது. மேல் ரகம் 3 கட்டு, நடு ரகம் 2, கீழ் ரகம் 1 சேந்தா (நம்ம மரக்கால் மாதிரி) அவங்க ஊர் அளவுல 39. அதே வரிசைல 2, 3, 1 கட்டுன்னா 34. 1, 2, 3 கட்டுன்னா 26. விடை ஒரு கட்டுக்கு ஒன்பதேகால், நாலேகால், ரெண்டேமுக்கால். இப்ப நம்ம பசங்க பண்றது என்னன்னா, முதல் வரிலேருந்து ரெண்டாவதைக் கழிப்பாங்க, ரெண்டாவதுலேருந்து மூணாவதை, மூணாவதுலேருந்து முதலை, வட்டமா ஒரு சுத்து.

மேல் − நடு = 5
மேல் + நடு − 2 கீழ் = 8
−2 மேல் + 2 கீழ் = −13

பாக்க அழகா மூணு வரி. மூணையும் கூட்டுங்க, 0 = 0. வட்டமா கழிச்சா எந்தக் கணக்குலயும் இப்படித்தான் ஆகும், ஒரு சமன்பாட்டை கைல இருந்து நழுவ விட்டாச்சு. பத்தேகால், அஞ்சேகால், மூணேமுக்கால்னு எல்லாத்தையும் ஒண்ணு கூட்டி வச்சாலும் இந்த மூணு வரியும் சரியா இருக்கும், ஆனா மூலக் கணக்குல போட்டா 39 வர வேண்டிய இடத்துல 45 வரும். புது வரி வந்தா பழசுல ஒண்ணை மட்டும் எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைக்கணும், அந்தப் புது வரில எடுத்த வரியோட பங்கு பூஜ்யம் இல்லாம இருக்கணும், மத்த வரியெல்லாம் அப்படியே நிக்கணும். எண்களை மட்டும் வரிசை வரிசையா அடுக்கி அணி (மேட்ரிக்ஸ்) எழுதிப் போடும்போதும் இதே கதைதான், ஒரே ஸ்டெப்ல முதல் வரிசையையும் ரெண்டாவது வரிசையையும் பழைய மதிப்பை வச்சே ஒண்ணுல ஒண்ணைக் கழிச்சு மாத்தினா ரெண்டும் குறி மாறின ஒரே வரிசையாத்தான் வந்து நிக்கும், அணித்தரம், அதாவது ஒண்ணுலேருந்து ஒண்ணு வராம தனியா நிக்கிற வரிசைகளோட எண்ணிக்கை, குறைஞ்சிடும், அப்புறம் "ஒருங்கமைவு உடையது (தீர்வு இருக்கு), எண்ணற்ற தீர்வுகள்"னு எழுதி மார்க்கை விட வேண்டியதுதான்.

பிளஸ் டூல சமன்பாட்டுக்குள்ள லாம்டா, மியூன்னு மதிப்பு சொல்லாத எண்களை வச்சு, எந்த மதிப்புக்குத் தீர்வு இருக்குன்னு கேக்குற கணக்குல (லாம்டா − 3)ஆல வகுத்துட்டு சத்தமில்லாம அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. லாம்டா 3ஆ இருந்தா? கேள்வியே அந்த இடத்தைத்தானே கேக்குது. லாம்டாவால பெருக்குறதும் அதே ஆபத்துதான், அது பூஜ்யமா இருந்தா ஒரு சமன்பாடே அழிஞ்சு போச்சு. இடது பக்கத்தை மட்டும் பெருக்கிட்டு வலது பக்கத்தை மறக்குறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, அதை விடுங்க.

விடையைச் சரி பாக்குறப்ப மட்டும் நடுவுல நீங்க உருவாக்கின வரில போட்டுப் பாத்து டிக் அடிக்காதீங்க, கேள்வித்தாள்ல இருக்குற மூணுலயும் போடணும். பத்தேகால்காரர் அங்க முதல் வரிலயே 45னு மாட்டிக்குவார்.