காரே வராத பாதையில் பிரெஞ்சுக் கிராமங்கள்: முதல் சைக்கிள் பயணத்துக்கு ஒரு செய்முறை

பிரான்சின் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கப் பலருக்கு ஆசை உண்டு. பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகுமே என்ற பயமும் கூடவே இருக்கும். பயம் நியாயமானதுதான். அதற்காக ஆசையை விட வேண்டாம். ரயில் ஓடி நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒதுக்கிய பாதைகள் அங்கே நிறைய இருக்கின்றன. முதல் பயணத்துக்கு அப்படி ஒரு பழைய ரயில் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 1: இரண்டு பெயர்களைப் பிரித்தறியுங்கள்

வரைபடத்தில் 'வ்வா வெர்த்' என்றும் 'வெலோரூட்' என்றும் இரண்டு பெயர்கள் வரும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வ்வா வெர்த் என்றால் பச்சைப் பாதை. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நடப்பவர், சைக்கிள் படங்கள் போட்ட நீலச் சதுரப் பலகையைப் பார்த்தால் அதில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெலோரூட் என்பது வழிகாட்டிப் பலகைகள் வைத்த நீண்ட சைக்கிள் வழி. அதில் ஒரு பகுதி பச்சைப் பாதையாக இருக்கும், மறுபகுதி கார் வரும் சின்னச் சாலையாக இருக்கும். லுவார் நதியோரமாகச் செல்லும் 900 கிலோமீட்டர் வழி இந்த வகை. அழகான வழிதான், ஆனால் காரே வேண்டாம் என்பவர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

கால்வாய்க் கரைப் பாதைகளும் உண்டு. தெற்கே கனால் து மிதி கால்வாயில் துலூஸ் பக்கம் வழவழவென்று போகும் பாதை, கிழக்கே போகப் போக மண்ணும் மரவேருமாக மாறிவிடும். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் தடத்தை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, தேவைப்பட்ட இடத்தில் மலையையே குடைந்து வைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலன் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

படி 2: தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் சொல்வது பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டி வட்டாரத்தின் தென்பகுதி. ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை 44 கிலோமீட்டர் பாதை 1997-இல் திறக்கப்பட்டது. பிரான்சின் முதல் பச்சைப் பாதை இதுதான். இப்போது வடக்கே ஷாலோன்-சுர்-சோன் வரைக்கும், தெற்கே மாக்கோனை ஒட்டிய ஷார்னே வரைக்கும் நீண்டு, மொத்தம் 70 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஷாலோன், மாக்கோன் இரண்டுமே டிஜோன்–லியோன் ரயில் வழியில் உள்ள ஊர்கள். ஒன்றில் இறங்கி, ஓட்டிக்கொண்டே போய், மற்றதில் ரயில் ஏறிவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

சுமையோடு புதியவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். ஆகவே இரண்டு நாளாகப் பிரியுங்கள். க்ளுனியில் இரவு தங்குங்கள். நேரம் இருந்தால் மூன்று நாளாக்கி, 17-ஆம் நூற்றாண்டு மாளிகை உள்ள கொர்மாத்தானிலும் ஓர் இரவு தங்கலாம். தங்குமிடம் தேடும்போது 'அக்கேய் வெலோ' என்ற முத்திரையைப் பாருங்கள். சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், சைக்கிளைப் பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் தரும் விடுதிகளுக்கு அது கிடைக்கும்.

படி 3: ரயிலில் சைக்கிள்

டி.ஈ.ஆர் எனப்படும் வட்டார ரயிலில் சைக்கிளுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கோடையில் சில வழிகளில் முன்பதிவு கேட்பார்கள். டி.ஜி.வி அதிவேக ரயிலில் கழற்றாத சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். எல்லா வண்டியிலும் இடம் இருக்காது. பயணச்சீட்டு எடுக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: சைக்கிளும் சுமையும்

கியர் உள்ள சாதாரண சைக்கிள் போதும். மணியும் முன்பின் விளக்கும் அங்கே சட்டப்படி இருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். சுமையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரின் இரு பக்கமும் தொங்கவிடுங்கள். புறப்படுவதற்கு முன் அதே சுமையோடு ஒரு நாள் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பை ஆடுகிறது, எந்த இடம் வலிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அப்புறம், உங்கள் டியூப் வால்வுக்குப் பொருந்துகிற பம்புதானா என்று கையால் மாட்டிப் பார்த்தே எடுத்து வையுங்கள்.

படி 5: சாலை குறுக்கிடும் இடம்

பாதையில் கார் வராது, ஆனால் கார் போகும் சாலைகள் பாதையை வெட்டிச் செல்லும். முன்பு ரயில்வே கேட் இருந்த இடங்கள் அவை. அரை மணி நேரம் பறவைச் சத்தத்திலேயே ஓட்டி வந்தவர் அசந்துபோவது இங்கேதான். வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றி நின்று, முதலில் இடப்பக்கம் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகிய நமக்குத் தலை தானாக வலப்பக்கம்தான் முதலில் திரும்பும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், முதல் கார் இடமிருந்து வரும்.

பாதையிலும் வலப்பக்கமாகவே ஓட்டுங்கள். நடப்பவர்களைத் தாண்டும்போது மணியடித்து, ஒரு 'போன்ழூர்' (வணக்கம்) சொல்லி இடப்பக்கமாகப் போங்கள்.

படி 6: தண்ணீரும் சாப்பாடும்

கிராமக் கடைகள் மதியம் 12 மணி வாக்கில் மூடினால் 2 மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் எதுவுமே கிடைக்காது. காலையில் பேக்கரி திறந்ததுமே மதியத்துக்கும் சேர்த்து ரொட்டி வாங்கிப் பையில் வையுங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

படி 7: க்ளுனியும் சுரங்கமும்

க்ளுனிக்கு அரை நாளாவது கொடுங்கள். 910-இல் தொடங்கிய மடம் அது. ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல்லுக்காக அதை உடைத்து விற்றுவிட்டார்கள். எஞ்சி நிற்பது சிலுவை வடிவில் கட்டிய அந்தத் தேவாலயத்தின் பக்கக் கை ஒன்றின் பகுதிதான். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், போனது எவ்வளவு என்று நெஞ்சில் உறைக்கும்.

க்ளுனிக்குத் தெற்கே பாதை மெல்ல ஏறி, புவா க்ளேர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. நீளம் 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது மேட்டுச் சாலையில் ஏறித்தான் போக வேண்டும். ஆகவே ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் தேதி வையுங்கள். சுரங்க வாயிலில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள், ஒரு சட்டையை மேலே மாட்டுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும்.

மறுபுறம் வெளியே வந்தால் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே பெர்ஸே-ல-ஷாத்தெல் கோட்டை தெரியும். அங்கிருந்து ஷார்னே வரை பெரும்பாலும் இறக்கம். ஷார்னேயிலிருந்து மாக்கோன் ரயில் நிலையம் சில கிலோமீட்டர்தான். ஆனால் அது நகரத் தெரு, மறுபடி கார்கள் வரும். அவசரப்படாமல் ஓட்டுவதற்கு ரயில் நேரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டு வையுங்கள்.