தஞ்சைப் புறநகரில் தங்கப் போகிறீர்களா? எதை எங்கே வாங்கலாம்

திருச்சியில் விமானம் இறங்கி, தஞ்சாவூர் வந்து, மருத்துவக் கல்லூரி சாலையிலோ நாஞ்சிக்கோட்டை சாலையிலோ ‘நகர்’ என்று முடிகிற ஏதோ ஒரு குடியிருப்பில் பெட்டியை இறக்கி வைத்த உடனே, சிங்கப்பூரிலிருந்து வந்தவரானாலும் துபாயிலிருந்து வந்தவரானாலும் முதலில் செய்வது ஒன்றுதான். ஒரு காரைப் பிடித்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், அங்கே வெளிநாட்டில் வாங்குகிற அதே பிஸ்கட்டையும் அதே ஷாம்பூவையும் கூடை நிறைய எடுத்துக்கொண்டு, காய்கறியையும் அங்கேயே முடித்துவிட்டு வருவார்கள். ஏசி இருக்கும், கார்டு போடலாம், யாரிடமும் பேச வேண்டாம், சரி. ஆனால் மூன்று நாள் பழைய கீரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புறநகரில் தங்குகிறவருக்கு வேண்டியதில் முக்கால்வாசி வாசலுக்கே வரும், இல்லையென்றால் தெருமுனையில் கிடைக்கும். எந்த நேரத்துக்கு யார் வருகிறார், எந்த மாதத்தில் எது புதுசு என்று தெரிந்தால் போதும். டவுனுக்குப் போய்த்தான் வாங்க வேண்டியவையும் சில உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பணம். தள்ளுவண்டியில் கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது, கார்டு இயந்திரம் மட்டும் பெரிய கடையில்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாட்டு மொபைல் எண்களிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023 முதல் அனுமதி இருக்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டு, புறப்படும் முன்பே அங்கிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். இங்கே வந்து ஓடிபி வரவில்லை என்று பெட்டிக்கடை முன்னால் நிற்பதில் பயனில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு யூபிஐ ஒன் வேர்ல்டு என்று, முன்கூட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. எதுவாக இருந்தாலும் கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். காலை ஏழு மணிக்குக் கீரைக்கார அம்மாவிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அவர் எங்கே போவார்? போன தடவை மிச்சம் என்று அலமாரியில் பழைய நோட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016 நவம்பரில் நிறுத்திய பழைய ஐந்நூறும் ஆயிரமும் வெறும் காகிதம். இரண்டாயிரம் ரூபாய்த் தாளை 2023 மே மாதம் திரும்பப் பெறத் தொடங்கினார்கள், கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, இருந்தும் சில கடைக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள், அவர்களோடு வாதாட வேண்டாம்.

காலை வியாபாரம் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். ஆவின் பூத்தில் பாக்கெட்டின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள், நீலம் கொழுப்பு குறைந்தது, ஆரஞ்சு கொழுப்பு கூடியது, காப்பிக்கு ஆரஞ்சு வாங்கினால் டிகாக்‌ஷனுக்குத் தாங்கும். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் கறந்த பால் ஊற்றச் சொல்லலாம், தண்ணீர் கலக்கிறாரா என்பது அவருக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம். அப்புறம் கீரை, அப்புறம் தயிர், அதற்குள் மினிவேனில் ஒலிபெருக்கி வைத்து வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. அந்த வேனில் கிலோக் கணக்கில் மலிவாகத்தான் தருவார்கள், ஆனால் மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு நான்கு கிலோ தக்காளி எதற்கு? எதிர்வீட்டோடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம், எதிர்வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

கீரைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். ஒரு கட்டில் இரண்டு ரூபாய் குறைத்து நீங்கள் சேர்க்கப் போவது ஒன்றுமில்லை, தெருவில் பெயர்தான் கெடும். காய் வண்டிக்காரரிடம் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறாகக் கேட்கலாம், அது பேரம் அல்ல, உரிமை. “அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க” என்றால் போதும். வெளிநாட்டில் பழகிய தேங்க்யூவைவிட ‘அண்ணே’, ‘அக்கா’ இங்கே வேலை செய்யும்.

காயை ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாங்க வேண்டுமென்றால் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம், தஞ்சாவூரில் நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிறது, கும்பகோணம் போன்ற ஊர்களிலும் உண்டு. விளைவித்தவரே உட்கார்ந்து விற்கிறார், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள், அதனால் ‘வெளியூர்க்காரர்’ என்று தெரிந்தாலும் விலை ஏறாது. எட்டு மணிக்குமேல் போனால் பிஞ்சுக் கத்தரி போயிருக்கும், முற்றலும் சுரைக்காயும்தான் மிச்சம். துணிப்பை கொண்டு போங்கள். 2019 ஜனவரி முதல் கடையில் தரும் கேரிபேக் போன்ற ஒருதடவைப் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை, சட்டத்தை மீறிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும் மஞ்சப்பை ஒன்று தோளில் கிடந்தால் நல்லது.

மீன் வாங்குவதில் கொஞ்சம் விவரம் வேண்டும். டிவிஎஸ் வண்டியில் பெட்டி கட்டித் தெருவில் விற்க வருகிறவர் நாகப்பட்டினத்து மீனோ மல்லிப்பட்டினத்து மீனோ கொண்டு வருவார், செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பள்ளி விடுமுறைக்கு என்று மே மாதத்தில் வருகிறவர்கள் வஞ்சிரம் விலையைக் கேட்டு மயங்குவது இதனால்தான். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும், ஆற்று மீன், குளத்து மீனும் கிடைக்கும், விரால் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய அளவில் வாங்கக் கீழவாசல் மீன் மார்க்கெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் காலை ஏழு மணிக்கே கூட்டம், புரட்டாசி மாதத்தில் அதே கடையில் ஆளிருக்காது. கறி வாங்க புரட்டாசிதான் நிம்மதியான மாதம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பக்கத்து வீட்டு மாமி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

மளிகைக்குத் தெருமுனைக் கடை போதும். பாக்கெட் சாமானில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது, அதற்குக் கீழே அவராகக் குறைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உதிரியாக வாங்கும் பருப்பும் மிளகும்தான் பார்த்து வாங்க வேண்டியவை. இங்கேதான் காவிரி டெல்டாவின் கணக்கு வருகிறது. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்ததும் அதே வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகிறது, பங்குனி, சித்திரையில் புது உளுந்து கடைக்கு வரும். அந்தச் சமயத்தில் வந்தால் உடைக்காத கறுப்பு உளுந்தை ஊர்க்காரர் ஒருவர் மூலமாக வாங்கிக்கொள்ளுங்கள், இட்லி மாவு பொங்குகிற பொங்கலைப் பார்த்து நீங்களே நம்பமாட்டீர்கள்.

அரிசி வாங்கும்போது புதுசா பழசா என்று கேளுங்கள். அறுவடை ஆன கையோடு வரும் அரிசி குழையும், பொங்கலுக்கு ஏற்றது. சாப்பாட்டுக்கு ஆறு மாதம் ஓராண்டு ஆன பழைய அரிசி. மூட்டையைச் சிப்பம் என்பார்கள், சில மூட்டைகளில் 26 கிலோ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள சிப்பத்துக்கு ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. ஒரு மாதம் தங்குகிறவருக்கு ஐந்து, பத்து கிலோ போதும், ஆனால் உறவினர் வீட்டில் போய்ச் சாப்பிடுகிற நாட்களையும் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் மாதிரி பாரம்பரிய ரகங்களைத் தேடுகிறவர்கள் சூப்பர் மார்க்கெட் அட்டைப்பெட்டியை எடுக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அந்த விதைகளைத் தேடித் திரட்டிப் பரப்பினார், 2018இல் மறைந்தார். அவர் போட்ட பாதையில் இன்று டெல்டா முழுக்க அந்த ரகங்களைப் பயிர் செய்து நேரடியாக விற்கும் விவசாயிகள் இருக்கிறார்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்தால் யாராவது ஒருவர் கைகாட்டுவார்.

ஊருக்கு எடுத்துப்போகும் சாம்பார்ப் பொடியை பாக்கெட்டில் வாங்காமல், மிளகாயும் மல்லியும் வாங்கி மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து மாவு மில்லில் கொடுங்கள். வெயில் உள்ள மாதம் வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் இது நடக்காது. முன்னால் யாராவது மஞ்சளோ மிளகாயோ அரைத்திருந்தால் உங்கள் அரிசியை அப்போது போடாதீர்கள். மாதம் ஒருநாள் பராமரிப்பு மின்தடை என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, முந்தைய நாள் பேப்பரில் பகுதி வாரியாகப் போடுவார்கள், அன்று மில்லும் கிடையாது, தையல்காரரும் கிடையாது.

தையல் என்றதும் நினைவு வருகிறது. பிளவுஸ் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் இறங்கிய மறுநாளே கொடுத்துவிடுங்கள். தெருவுக்கு ஒரு அக்கா வீட்டிலேயே தைக்கிறார், டவுன் கடையைவிடக் கூலி குறைவு, அளவுக்கு ஒரு பழைய பிளவுஸைக் கையோடு கொடுத்தால் தகராறு வராது. ‘வெள்ளிக்கிழமை தர்றேன்’ என்றால் அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்து புதுத் துணியே வாங்கமாட்டார்கள்.

பூ வாசலுக்கே வரும், முழம் போட்டுத் தருவார்கள், யாருடைய கை நீளம் என்பதைப் பொறுத்து முழமும் மாறும். வீட்டில் விசேஷம் என்றால் பூக்காரத் தெருவுக்குப் போங்கள், விடியற்காலையில் உதிரிப்பூ எடைக்குக் கிடைக்கும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை தனி, அதனால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய தஞ்சாவூர்க் கதம்பம் கேட்டு வாங்குங்கள்.

இனி டவுன். ஆட்டோவுக்குக் காசு அழாமல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போகலாம், பெண்களுக்கு 2021 முதல் அதில் டிக்கெட் இலவசம். நகை வாங்குவதென்றால் ஹால்மார்க் முத்திரையோடு, எண்ணும் எழுத்தும் கலந்த எச்யூஐடி என்ற ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கிறதா பாருங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் விவரம் வரும், செய்கூலி, சேதாரம் என்று போடுவதைப் பில்லில் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். தலையாட்டி பொம்மைக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் பெரிய கோயில் வாசலில் விலை கேட்கும் முன் அரசின் பூம்புகார் கடையில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் பேச வசதி. ஓவியத்தில் அசல் தங்க இலையா, தங்கம்போல் மின்னும் ஜெய்ப்பூர் ஃபாயிலா என்று கேளுங்கள், பாதி விலை அதில்தான் இருக்கிறது.

கும்பகோணம் போகிறவர்கள் பித்தளை டபரா செட்டுக்கும், நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும், திருபுவனம் பட்டுக்கும் ஒருநாள் ஒதுக்கலாம். விளக்கை எடை போட்டுத்தான் விற்பார்கள், அதனால் அழகைப் பார்த்து உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விமான நிலையத்தில் பெட்டி எடை காட்டிக்கொடுக்கும். பட்டுக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் போனால் கூட்டம் குறைந்த நாளில் விவரமாக எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். சுவாமிமலையில் செய்த வெண்கலச் சிலை வாங்கினால் பில்லை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கடந்த சிலையை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, புதுச் சிலைதான் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. பழசாகத் தெரிகிறமாதிரி மெருகிட்ட சிலைக்குத் தொல்லியல் துறைச் சான்று வாங்கிவிடுவது நல்லது.

பெட்டி கட்டும்போது கடைசியாகச் சில. வளைகுடா போகிறவர்கள் கசகசாவைத் தொடவே தொடாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் கணக்கு, அம்மா குருமாவுக்கு என்று மறைத்து வைத்தாலும் எடுத்து வெளியே போடுங்கள். ஊறுகாயும் நெய்யும் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் கொப்பரைத் தேங்காய்க்கு அனுமதி இல்லை, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று நடத்துகிறார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விதை, இலை, உலர்ந்த கறிவேப்பிலை எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள், எழுதாமல் பிடிபட்டால் அபராதம். திருவையாற்று அசோகா அல்வாவைக் கிளம்பும் அன்று காலை வாங்கினால் போதும், முந்தின நாள் வாங்கி வைத்தால் வீட்டுக் குழந்தைகள் அதை விமான நிலையம் வரை விடமாட்டார்கள்.