சாவி போட்டும் கார் கிளம்பவில்லையா?

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அல்லது பிடித்து ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறது. உடனே பெட்ரோல் பம்ப், பிளக் என்று போகாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படம் விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) தடுக்கிறது.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்தான் (coil) அதற்கு உயிர் கொடுக்கிறது. அதனால் ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் சாவி போட்டால் கிளம்பும். ஆனால் அதே வளையத்தில் இன்னொரு காரின் சிப் சாவி தொங்கினால் குழப்பம் வரலாம். சாவியைத் தனியே கழற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் பீரோவில் கிடக்கும் மாற்றுச் சாவி: அதில் கிளம்பினால் கோளாறு பழைய சாவியில்தான்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியா? ரிமோட்டையே பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து, பிரேக்கை (கியர் வண்டியில் கிளட்சையும்) மிதித்து அழுத்துங்கள். பல மாடல்களில் இது போதும்.

வெறும் 'டிக் டிக்' சத்தம் என்றால் கதை வேறு. கார் பேட்டரியில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்: நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. பேட்டரியில் வயர் இணையும் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியையும் சுரண்டிவிடுங்கள்.

சாவியே திரும்பவில்லையா? ஸ்டீயரிங் லாக். ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். பலம் காட்டினால் சாவிதான் உடையும்.