‘ஹெவன்லி கிரீச்சர்ஸ்’ படத்தைத் திரையிடுவது எப்படி

சமூக மன்றத்தில் பீட்டர் ஜாக்சனின் இந்த 1994 படத்தைப் போட நினைத்தால், முதலில் திரையிடல் உரிமையை வாங்குங்கள். கடையில் வாங்கிய டிவிடி வீட்டுக்கு மட்டும்தான். சிங்கப்பூரில் பொதுத் திரையிடலுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடும் தேவை. அதற்கேற்ற வயது வரம்பை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சங்கடம்.

எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று சுமார் 99 நிமிடம், மற்றொன்று ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதல். மண்டபத்தை மூன்று மணி நேரத்துக்கு எடுத்தால் பேசவும் நேரமிருக்கும்.

படம் ஓர் உண்மைக் கொலையைப் பற்றியது; முன்னுரையில் அதை மறைக்க வேண்டாம். படத்தின் தொடக்கத்திலேயே இரத்தக்கறையோடு அலறி ஓடிவரும் இரு சிறுமிகளைப் பார்க்கிறோம். 1954 ஜூன் 22, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். காலுறைக்குள் செங்கல்லைப் போட்டு, அவர்களில் ஒருத்தியின் தாயான ஹொனோரா பார்க்கரை அடித்துக் கொன்றார்கள். மகளுக்கு 16 வயது, தோழிக்கு 15. பின்னணியில் ஒலிக்கும் குரல் மகளின் உண்மையான நாட்குறிப்பு. இதை முன்பே சொல்லாவிட்டால், பலர் அதைக் கற்பனை வசனமாகவே கேட்டுவிடுவார்கள்.

கடைசிக் காட்சி கொடூரமானது. விளக்கை உடனே போடாமல், பெயர்கள் ஓடி முடியட்டும். கலந்துரையாடல் பெரும்பாலும் சிறுமிகளையே சுற்றும். ஆகவே முதல் கேள்வி ஹொனோரா பார்க்கரைப் பற்றி இருக்கட்டும்: அந்தத் தாயைப் படம் எவ்வளவு அன்போடு காட்டுகிறது?