வாளைக் கடைசியில் வரையாதீர்கள்: ஃபேண்டஸி ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேண்டஸி கதாபாத்திரங்களை வரைய ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. புதிதாக வரைய வருபவர்கள் சிலர் ஸ்கெட்ச்சை அனுப்பி, "எங்கேயோ இடிக்குது, எங்கேன்னு தெரியல" என்று கேட்பார்கள். போன வாரம் அப்படி மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் இடித்தது ஒரே இடம்தான். பல வருடங்களுக்கு முன் நான் சறுக்கியதும் அங்கேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். உடற்கூறு தெரியாமல் வரைவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் நிழல் போடுவது பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆளை முடித்துவிட்டு ஆயுதத்தைக் கையில் திணிப்பது

முகம், முடி, அங்கி, நகை எல்லாம் முடிந்திருக்கும். கை மட்டும் சும்மா மூடிய முஷ்டியாக இருக்கும். அப்புறம் புது லேயர் திறந்து, அந்த முஷ்டியின் மேல் ஒரு வாளைக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், அந்த வாள் அந்த ஆளுடையது இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

எனக்கு இது ஒரு அட்டைப்படத்தையே பறித்தது. ஒரு நாவலுக்கு வரைந்தேன். கதாநாயகி ஒரு அரசி, கையில் கட்டாரி. மூன்று வாரம் உட்கார்ந்து அங்கியின் மடிப்பையும், காதணியின் மினுக்கத்தையும், கன்னத்தில் படும் ஒளியையும் இழைத்தேன். கட்டாரியைக் கடைசியில், கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்த கையில் வைத்தேன். நாவலை எழுதியவர் நிஜக் கட்டாரியைக் கையில் எடுத்துப் பார்த்தவர். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இவ இதை எப்படிப் பிடிச்சிருக்கா? குத்தினா மணிக்கட்டுதானே மடங்கும்?"

கட்டாரியின் பிடி ஒரு சின்ன ஏணி மாதிரி. இரண்டு பக்கமும் நெடுஞ்சட்டம், நடுவே குறுக்குக் கம்பிகள். ஏணிப்படியைப் பற்றுவதுபோல முஷ்டி அந்தக் குறுக்குக் கம்பிகளைப் பற்ற வேண்டும். நெடுஞ்சட்டங்கள் மணிக்கட்டின் இரு பக்கமும் முன்கையோடு ஒட்டிப் பின்னால் வரும். அலகு, அதாவது கத்திப் பகுதி, விரல் முட்டிகளுக்கு முன்னால், முன்கையின் நேர்கோட்டிலேயே நீளும். முஷ்டியால் இடிக்கும் வேகம் முழுவதும் நுனிக்குப் போவது இதனால்தான்.

கட்டாரியைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கட்டாரி திரும்பியதும் முன்கை நேராக வேண்டியிருந்தது. முன்கை நேரானதும் முழங்கை இறங்கியது, தோள் முன்னால் வந்தது, உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு மாறியது. இடுப்பு திரும்பியதும் மூன்று வாரம் இழைத்த மடிப்பில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அலகிலிருந்து கன்னத்தில் விழுந்த ஒளிக்கும் வேலை இல்லாமல் போனது. திரும்ப வரைந்து முடிப்பதற்குள் அச்சுத் தேதி கடந்து, அட்டைப்படம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஆறு வருடம் ஆகிறது. முஷ்டிக்கு மேல் மிதக்கும் வாளை யார் படத்தில் பார்த்தாலும் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. வரைந்தவர் மேல் கோபம் இல்லை. அந்தப் படத்துக்காக அவர் செலவழித்த நாட்களை நினைத்துத்தான்.

ஆயுதம்தான் போஸைத் தீர்மானிக்கிறது. தல்வார் என்ற வளைந்த இந்திய வாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடி சின்னது, அடியில் வட்டத் தட்டு. அந்தத் தட்டு மணிக்கட்டை அதிகம் மடங்கவிடாது, அதனால் வெட்டு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வரும். ஐரோப்பிய நெடுவாளில் நீண்ட பிடி, இரண்டு கை. பின்னால் இருக்கும் கை, பிடியின் கடைசியில் உள்ள குமிழுக்கு அருகே இருந்து வாளைத் திருப்பும், முன்னால் இருக்கும் கை தாங்கும். இரண்டு வாளுக்கும் ஒரே தோள், ஒரே இடுப்பு வரைந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் பொய்யாகிவிடும்.

எடையும் அப்படித்தான். நெடுவாள் என்றதும் ஆளை முன்னால் குனியவைத்து, வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவதாக வரைகிறார்கள். நிஜ நெடுவாள்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே இருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்துப் பாருங்கள், எடை ஏறக்குறைய விளங்கும். அதிலும் நல்ல வாளின் எடைமையம், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள கைக்காப்பிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே இருப்பதால், கையில் அது இன்னும் லேசாகத் தெரியும்.

நான் இப்போது ஸ்கெட்ச்சில் முதலில் இழுப்பது ஆயுதத்தின் கோட்டைத்தான். அதற்கு அடுத்தது கை, பிறகு தோள், இடுப்பு, கால். முகம் கடைசி. ஒரு குச்சியை எடுத்து அந்த போஸில் நின்று போட்டோ எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பிரதியைப் பார்த்துப் பிரதி எடுப்பது

கேமில் வந்த வாளைப் பார்த்து ஒருவர் ஃபேன் ஆர்ட் போடுவார், அதைப் பார்த்து இன்னொருவர் வரைவார். நாலாவது கைக்கு வரும்போது கைக்காப்பு எதற்காக இருக்கிறது என்பதே மறந்து, அது ஒரு பூவேலையாகியிருக்கும். அதிகம் தொலைந்துபோவது தடிமன். நிஜ அலகு கைப்பிடி அருகே ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால், நுனியை நெருங்கும்போது இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். பிரதிகளில் வாள் முழுக்க ஒரே தடிமனில், பலகை மாதிரி வந்துகொண்டிருக்கிறது.

அருங்காட்சியகப் படங்களைப் பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை இல்லாத தன் சேகரிப்பின் படங்களை 2017 முதல் எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. பல ஆயுதங்களுக்கு நீளம், எடை இரண்டும் போட்டிருப்பார்கள். புறங்கையை மூடும் காப்போடு செய்த தஞ்சாவூர்க் கட்டாரிகளும் அங்கே உண்டு. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் ஒரு மாலை போவதே தெரியாது.

"ஃபேண்டஸிதானே" என்று விட்டுவிடுவது

ஆள் உயர வாள் எனக்கும் பிடிக்கும். தாராளமாக வரையுங்கள். ஆனால் அந்த உலகத்தில் அது கனமா, லேசா என்பதை வரைவதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். கனம் என்றால் ஊன்றிய இடத்தில் மண் உள்வாங்க வேண்டும், தூக்குபவரின் முதுகும் தொடையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். மந்திரத்தால் லேசு என்றால் அந்த அலட்சியம் விரல்களில் தெரியட்டும். எதையும் முடிவு செய்யாமல் வரைந்த படத்தில் மந்திரமும் இருக்காது, எடையும் இருக்காது. மிகையை ரசிக்க வைப்பதே நிஜத்தின் அளவு தெரிந்த கைதான்.

அலகின் நடுவே ஓடும் பள்ளம்

ரத்தம் வடிவதற்கு அல்ல. எடையைக் குறைப்பதற்கு.

முதுகில் நீண்ட வாள்

உறையிலிருந்து முழுதாக வெளிவர கை நீளம் போதாது. இடுப்பில் கட்டுங்கள்.

வில்லாளி என்றால் ஒல்லி

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதில் கிடைத்த போர்வில்களை முழுதாக இழுக்க 45 கிலோவுக்குக் குறையாத விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தோளையும் முதுகையும் அகலமாகப் போடுங்கள்.

கையெழுத்தை வெட்டிவிட்டுப் பகிர்வது

கூடவே கூடாது.

தெரிந்ததையெல்லாம் அடுத்தவர் படத்தின் மேல் கொட்டுவது

வாள்களைப் பற்றிப் படித்த புதிதில் எனக்கு எல்லாப் படத்திலும் தப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. தனக்குப் பிடித்த கதையின் வீராங்கனையை ஆசையாக வரைந்து போட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, கைக்காப்பு, குமிழ், உறை என்று வரிசையாகப் பன்னிரண்டு வரி எழுதினேன். நான் எழுதியதில் ஒன்றுகூடத் தவறில்லை. மறுநாள் அந்தப் படம் அங்கே இல்லை. அதற்குப் பிறகு அவர் வரைந்த எதையும் நான் பார்க்கவில்லை. அந்த வீராங்கனையின் கண்களை அவ்வளவு அழகாகப் போட்டிருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

இப்போது யார் படம் காட்டினாலும், "கருத்து வேணுமா, சும்மா காட்டுறீங்களா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கருத்து வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, பெரும்பாலும் அந்தக் கையைப் பற்றி. சும்மா என்றால், எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.