ஆஸ்திரேலியா பூர்வகுடி பிசினஸ்க்கு வீட்ல இருந்தே கை கொடுக்கலாம்

ஆஸ்திரேலியால வேலை பாக்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ். மே 27 டூ ஜூன் 3 ரீகன்சிலியேஷன் வீக், அதாவது பூர்வகுடிகளுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல நல்லிணக்கத்துக்கான வாரம் (பூர்வகுடிகளை மக்கள்தொகை கணக்குல சேர்க்க 1967 ஓட்டெடுப்பு நடந்த நாள்ல ஆரம்பிச்சு, அவங்க நில உரிமையை ஏத்துக்கிட்ட 1992 மாபோ தீர்ப்பு வந்த நாள்ல முடியுது), அப்புறம் ஜூலைல பூர்வகுடி கலாச்சாரத்தை கொண்டாடற நெய்டாக் வீக், இந்த சமயத்துல ஆபிஸ்ல ஆன்லைன் ஈவென்ட் வைப்பாங்க இல்ல, அதுக்கு பேச வர்ற பூர்வகுடி ஆளுங்களுக்கு கண்டிப்பா பணம் குடுக்க சொல்லுங்க, அவங்க நேரமும் அனுபவமும் ஓசி கிடையாது. ஈவென்ட் ஆரம்பத்துல சொல்ற வெல்கம் டு கன்ட்ரி (எங்க மண்ணுக்கு வாங்கன்னு வரவேற்கறது) அந்த மண்ணுக்கு சொந்தக்காரங்க மட்டும்தான் சொல்லலாம், மத்தவங்க சொல்றது அக்னாலெட்ஜ்மென்ட் (இது அவங்க மண்ணுன்னு மரியாதையா ஏத்துக்கறது), ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பங்கேற்கறவங்களுக்கு கிஃப்ட், கேட்டரிங்னு எது வாங்கினாலும் முதல்ல பூர்வகுடி பிசினஸ்களை லிஸ்ட் பண்ற சப்ளை நேஷன் அமைப்போட டைரக்டரில தேடுங்க, தேடறது ஃப்ரீதான். 2009ல ஆரம்பிச்சது, பூர்வகுடி பிசினஸ்தானான்னு அவங்களே செக் பண்ணி லிஸ்ட் போடறாங்க.

ஓவியம் வாங்கறவங்க கொஞ்சம் உஷாரா இருங்க, சுவனீரா விக்கற "ஆபிரிஜினல்" (பூர்வகுடி) பொருளுக்கு செலவாகற காசுல பாதிக்கு மேல போலிக்குதான் போகுதுன்னு அங்க அரசு கமிஷன் 2022ல ரிப்போர்ட்டே குடுத்துச்சு, மனசு வலிக்குது. டார்வின் ஆபிரிஜினல் ஆர்ட் ஃபேர் 2020ல கொரோனாவால ஆன்லைனுக்கு மாறுச்சு, அதுல விக்கற காசு முழுக்க பூர்வகுடி மக்களோட ஆர்ட் சென்டருக்கே போகுது. வேற எங்க வாங்கினாலும் ஆர்ட்டிஸ்ட் பேரு, ஊரு, அவங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு கேளுங்க, பதில் வரலன்னா வாங்காதீங்க.

இன்னொன்னு, உங்க கம்பெனில வேலை காலியா இருந்தா அந்த ஈவென்ட் சாட்லயே லிங்க் போட்டுடுங்க.